சிங்கப்பூரில் அட்டையைத் தட்டிய பிறகு

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் டிக்கெட் வாங்க எங்கும் நிற்க வேண்டியதில்லை. நம் ஊர் வங்கியின் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ரயில் நிலையக் கேட்டில் தட்டினால் கதவு திறந்துவிடும். ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிப் பணம் கட்டும் வசதி இரண்டையும் வங்கி ஆப்பில் ஆன் செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி, புது அட்டைகளில் நாமாகத் திறக்கும்வரை இவை மூடியே இருக்கும்.

எக்ஸ்போ நிலையத்தில் மாறி, ஓட்டுநர் இல்லாத டவுன்டவுன் ரயிலில் ஏறி லிட்டில் இந்தியா போனேன். அறிவிப்புகளில் தமிழும் வருவதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். ஆனால் வெளியே வரும் கேட்டில் அட்டையைத் தட்டியபோது, எவ்வளவு பணம் போனது என்று திரையில் இல்லை. வங்கி அட்டைக்கு அங்கே அப்படித்தான். கட்டணங்களைச் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாக எடுப்பார்கள். வெளிநாட்டு அட்டை என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் காசு தனி. நம் வங்கி பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணம் வேறு. எல்லாம் பிறகுதான் தெரியவரும்.

மறுநாள் லிட்டில் இந்தியாவின் தேக்கா பகுதியில் பேருந்து ஏறி, சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலுக்குப் போனேன். என் முன்னால் ஒரு தமிழ் அக்கா. முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் ஈசி லிங்க் பயண அட்டையை இறங்கும் கதவருகே வைத்தார். கட்டணமும் மீதியும் திரையில் தோன்றி, படித்து முடிக்கும் முன்பே மறைந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைத்தார். இறங்கியதும் பேச்சுக் கொடுத்தேன்.

"போன்லயும் பார்க்கலாமாம் தம்பி. ஆனா எவ்வளவு போச்சுன்னு இறங்குறப்பவே தெரியணும்ல?"

அவர் மட்டுமில்லை, ஊரே இதைச் சொல்லியிருக்கிறது. 2024 ஜனவரியில், வயதுவந்தோர் வைத்திருக்கும் இதுபோன்ற பழைய அட்டைகளை ஜூன் 1 முதல் நிறுத்திவிட்டு அவர்களைச் சிம்ப்ளிகோ என்ற முறைக்கு மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. அந்த முறையில் கணக்கு அட்டையில் இருக்காது, தொலைவில் ஒரு சர்வரில் இருக்கும். அதனால் கேட்டில் கட்டணமும் தெரியாது, மீதியும் தெரியாது. மக்கள் எதிர்ப்பு பெரிதாகவே, சில வாரங்களுக்குள் போக்குவரத்து அமைச்சர் முடிவைத் திரும்பப் பெற்றார். பழைய முறையைத் தொடர 4 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவாகும் என்றும், குறைந்தது 2030 வரை அது இருக்கும் என்றும் சொன்னார்கள். சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். தன் பணம் போவதைத் தன் கண்ணால் பார்க்க நினைப்பது பழமைவாதம் இல்லை, உரிமை. ஆப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள், மாதச் சம்பளத்தைக் காசு காசாக எண்ணிச் செலவழிப்பவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் நானும் அந்தப் பழைய முறை ஈசி லிங்க் அட்டையை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் கட்டணக் கணக்கே பிடிபட்டது. அங்கே கட்டணம் தூரத்துக்குத்தான். ரயிலில் இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்து ஏறினால் இரண்டும் ஒரே பயணமாகக் கணக்காகும், புதிதாக முதல் கட்டணம் கிடையாது. ரயிலுக்கு ஒரு வெள்ளிக்கு மேல் போன இடத்தில், அடுத்த பேருந்துக்குச் சில காசு மட்டும் கழிந்ததைத் திரையிலேயே பார்த்தேன். பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால் அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம்வரை உள்ள கட்டணம் போய்விடும் என்பதால், எல்லாரும் நிறுத்தம் வருமுன்பே அட்டையைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். இரண்டு நாளுக்கு மேல் தங்குபவர்கள் முதல் நாளே அந்த அட்டையை வாங்கிவிடுங்கள்.