சினை நிற்காத கோடை

சென்ற ஆண்டு மே மாதத்தில், பவானிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தம் எருமையைக் கால்நடை மருத்துவனான என்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தார். மூன்று முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்பது அவர் குறை. நானும் வழக்கம்போல் கேட்க வேண்டியவற்றைக் கேட்டேன்: கொட்டகை ஓலையா தகரமா, நீரில் இறங்க வழி உண்டா, பசுந்தீவனம் கிடைக்கிறதா, தாது உப்பு கொடுக்கிறீர்களா. கொட்டகை தகரம், குட்டை மார்ச்சிலேயே வற்றிவிட்டிருந்தது. வெயிலின் வேலைதான் இது, பகலில் இரண்டு முறை உடம்பு நனையத் தண்ணீர் ஊற்றுங்கள், சினைப்பருவ அறிகுறி தெரிகிறதா என்று விடியற்காலையில் எழுந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்று கேட்டார்: "எருமைக்கு வெயிலுன்னு சொல்றீங்க. எம்பையன் பகலெல்லாம் உலை முன்னாலதானுங்க நிக்கிறான்?"

மகன் கோவையில் ஒரு வார்ப்பு ஆலையில் வேலை செய்கிறார். மணமாகி நான்கு ஆண்டுகள், குழந்தை இல்லை. அதுவரை மருமகளைத்தான் ஊர் ஊராக மருத்துவமனைக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். மகனுக்கு ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அன்று பாதி விடைதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எருமையின் தோல் கறுப்பு. வெயிலை அப்படியே வாங்கிக்கொள்ளும். வியர்வைச் சுரப்பிகளோ பசுவைவிட மிகக் குறைவு. அதனால்தான் அது சேற்றையும் குட்டையையும் தேடிப் போகிறது. அந்த வழி அடைபட்டால் உடல் வெப்பம் ஏறும், தீவனம் எடுப்பது குறையும், பருவத்தைக் கிளப்பும் சுரப்புநீர்களின் ஓட்டம் தளரும். பருவம் வந்தாலும் கத்தாது. பின்புறம் வடியும் வழும்பு சரியாகத் தெரியாது. இரவில் வந்து விடிவதற்குள் அடங்கிவிடும். ஊமைப் பருவம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இதில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கருமுட்டை ஒரே நாளில் பக்குவமாவதில்லை, அதற்குப் பல வாரங்கள் ஆகும். ஆகவே மே மாதத்து வெயிலில் கெட்ட முட்டையின் விளைவு, மழை பெய்து ஊரெல்லாம் குளிர்ந்த பிறகும் சில காலம் தொடரும். "இப்போதுதான் வெயில் இல்லையே" என்று அப்போது மாட்டைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

ஆணின் கதையும் அதேதான். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம், விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்க வேண்டும் என்பதே. காளையில் ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 60 நாள், மனிதனில் ஏறக்குறைய 74 நாள். கடுங்காய்ச்சலில் விழுந்து எழுந்த ஆணுக்கு உடம்பு தேறிய பிறகும் சில வாரங்கள் எண்ணிக்கை குறைந்திருப்பது இந்தக் கணக்கினால்தான். உலை, அடுமனை, வெல்டிங் ஆகிய வேலைகளில் இருப்போரைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவு பாதிப்பைக் காட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் குழந்தை இல்லை என்று வருபவரிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அது.

சுற்றுப்புறம் என்றால் வெயில் மட்டும் அல்ல, வாயில் போகும் தீனியும்தான். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில், வளம் குறைந்த நிலங்களில் ஒருவகைக் குளோவர் புல்லை விதைத்து, சூப்பர் பாஸ்பேட் இட்டுப் பசுமையாக்கினார்கள். செம்மறிகள் நன்றாகத் தின்றன, கொழுத்தன, ஆனால் ஈனவில்லை. விதையடித்த கிடாக்களுக்குக்கூடப் பால் சுரந்தது. பென்னட்ஸ் என்பவரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1946இல் இதை எழுதி வெளியிட்டார்கள். அந்தப் புல்லில் உள்ள ஒரு பொருள் ஆட்டின் முதல் இரைப்பையில் மாறி, பெண்மைச் சுரப்புநீரான ஈஸ்ட்ரோஜனைப் போல நடிக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆட்டைப் பார்த்தால் நோய் தெரியாது. புல்லைப் பார்த்தாலும் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும்.

நோயே தெரியாமல் கருவளம் மட்டும் போவது மனிதருக்கும் நடந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் லாத்ராப் என்னும் ஊரில் ஆக்சிடென்டல் நிறுவனத்தின் ஆலை ஒன்று, வேர்ப்புழுக்களைக் கொல்லும் டி.பி.சி.பி. என்ற மருந்தைக் கலந்து தயாரித்தது. 1977இல் அங்கிருந்த ஆண்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது ஒன்றை உணர்ந்தார்கள்: அந்தப் பிரிவுக்கு வந்த பிறகு அவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தை பிறக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் ஆய்வாளர்கள் அல்லர், தொழிலாளர்களே என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பரிசோதித்தபோது, மூன்றாண்டுகளும் அதற்கு மேலும் அந்த மருந்தோடு புழங்கியவர்களிடம் விந்தணு மிக அரிதாக இருந்தது, அல்லது அறவே இல்லை; மூன்று மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு எண்ணிக்கை நன்றாக இருந்தது. அவர்கள் யாருக்கும் உடம்பில் சோர்வு இல்லை, ஆண்மையில் குறை இல்லை. பரிசோதனை செய்திராவிட்டால் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குறை என்றே நினைத்து, மனைவியை மருத்துவரிடம் அனுப்பிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதில் எனக்குப் பொறுக்காத செய்தி வேறொன்று. அந்த மருந்து எலிகளின் விரைகளைச் சுருக்குகிறது என்பது 1961இலேயே அச்சில் வந்துவிட்டது; அந்த ஆய்வில் மருந்தைத் தயாரித்த டௌ, ஷெல் நிறுவனங்களுக்கே பங்கு உண்டு. எலிக்குத் தெரிந்தது மனிதனுக்குத் தெரியப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1979இல் அமெரிக்கா பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது. ஹவாய் அன்னாசித் தோட்டங்களில் 1985வரை நீடித்தது. நடு அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதைக் கையாண்டு கருவளம் இழந்தவர்களின் வழக்குகள் பல பத்தாண்டுகள் நடந்தன. குறைந்த காலம் புழங்கியவர்களில் சிலருக்கு அணுக்கள் மீண்டன. நெடுங்காலம் புழங்கியவர்களில் பலருக்கு மீளவில்லை.

நமக்கு அருகில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்த கதை பலருக்கும் தெரியும். அங்கே வளர்ந்த சிறுவர்களுக்குப் பருவமடைதல் தாமதமாவதை அகமதாபாத்தில் உள்ள தேசியத் தொழில்நல நிறுவனத்தார் 2003இல் எழுதினார்கள். நாடு முழுவதற்குமான தடை 2011இல்தான் வந்தது.

ஒரு தெளிவும் தேவை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை என்ற 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கை எடுத்துக்கொண்டு, மக்கள் மலடாகிவிட்டார்கள் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பும் விருப்பமும் குறைத்த எண்ணிக்கை வேறு. விரும்பியும் கருத்தரிக்க முடியாமை வேறு. மேலை நாட்டு ஆண்களின் விந்தணுச் செறிவு 1973க்கும் 2011க்கும் இடையில் பாதிக்கு மேல் குறைந்ததாக 2017இல் வந்த தொகுப்பாய்வைக் கூட, பழைய எண்ணும் முறைகளை நம்பலாமா என்ற வாதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். லாத்ராப் அளவுக்கு உறுதியான சான்று எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

அந்த எருமை ஐப்பசியில் பருவத்துக்கு வந்து சினைப்பட்டது. தை மாதம் கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சினையை உறுதி செய்தபோது மகனும் வந்திருந்தார். நான் மாட்டு வைத்தியன், மனிதருக்கு மருந்து எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முதலில் அவரே விந்தணுப் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்றும், குறைவாக இருந்தால் மருத்துவரிடம் உலை வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டு, ஆலையில் வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றும், 74 நாள் கணக்கையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த அம்மாதான் எருமையின் சினை அட்டையைத் திருப்பி நீட்டி, அந்த நாள் கணக்கை அதன் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்.