குமிச்ச சுண்டும் தலைதட்டின சுண்டும்

எங்கட பெரியப்பா ஒரு சர்வதேச ஆராய்ச்சியாளர். உண்மையாத்தான், ஸ்கோப்பஸ் எண்ட ஆராய்ச்சிக் கட்டுரைத் தரவுத்தளத்தில அவருக்கு நாலு பேப்பர் கிடக்கு. மனுசன் கோண்டாவில் செம்பாட்டில புகையிலையும் வெங்காயமும் போட்டவர், ஆராய்ச்சி எண்டா என்னெண்டே தெரியாது.

விசயம் இதுதான். பெரியப்பான்ர மகள், எனக்கு அக்கா, சுகாதார ஆராய்ச்சி செய்யிறவ. புரமோசனுக்கு விண்ணப்பம் போடவேணும், அதில எத்தினை பேப்பர், எத்தினை சைற்றேசன் (மற்ற ஆக்கள் தங்கட கட்டுரையில அதைச் சுட்டிக்காட்டின தரம்), ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற எச்-இன்டெக்ஸ் எவ்வளவு எண்டு ஒரு பக்கம் நிரப்பச் சொல்லியிருக்கினம். "தம்பி உனக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே, ஒருக்கா வா" எண்டு கூப்பிட்டா. ஞாயிறு காலமை போனன், புட்டுச் சாப்பிட்டிட்டு அரை மணித்தியாலத்தில முடிச்சிட்டு வரலாம் எண்டுதான் நினைச்சன், பொழுதுபட்டுத்தான் திரும்பி வந்தன்.

ஆராய்ச்சிக் கட்டுரை தேடுற கூகிள் ஸ்கொலர் எச்-இன்டெக்ஸ் 9 எண்டுது. ஸ்கோப்பஸ் 4 எண்டுது. ஒரே ஆள், ஒரே பேப்பருகள். அக்காவுக்கு முகம் சுருங்கிப்போச்சு. பெரியம்மா சுண்டுப் பேணியால அரிசி அளந்துகொண்டு நிண்டவ, நான் அதையே காட்டிச் சொன்னன், கூகிள் குமிச்சு அளக்கிற சுண்டு, ஸ்கோப்பஸ் தலைதட்டி அளக்கிற சுண்டு எண்டு. கூகிள் தீசிஸ், கொன்பரன்ஸ் புத்தகம், திணைக்கள அறிக்கை, ஆரோ தங்கட தளத்தில போட்ட பிடிஎஃப் எல்லாத்தையும் அள்ளும், சிலநேரம் ஒண்டையே ரெண்டு தரம் எண்ணும். ஸ்கோப்பஸ் தான் தெரிஞ்செடுத்த சஞ்சிகையளுக்குள்ள மட்டும்தான் பெரும்பாலும் தேடும். அதாலதான் நம்பரைப் போடேக்க எந்தச் சுண்டில எந்தத் திகதியில அளந்தது எண்டு பக்கத்திலயே எழுதவேணும். கனபேர் எழுதிறேல்ல, எது கூடவோ அதைப் போட்டிட்டு இருந்திடுவினம்.

ஆனா 4 எண்டது எனக்கு இடிச்சுது. தலைதட்டினாலும் இவ்வளவு குறையாதே. பிறகுதான் பிடிபட்டுது. எங்கட ஆக்களுக்குக் குடும்பப்பேர் இல்லை, தகப்பன்ர பேர்தான் இருக்கு, அதை ஒருக்கா முன்னுக்கு எழுதுவம் ஒருக்கா பின்னுக்கு எழுதுவம். வெள்ளைக்காரன்ர முறையில கடைசியில நிக்கிற பேர்தான் ஆள், மற்றது வெறும் முதலெழுத்து. அக்கா அஞ்சு பேப்பரில அப்பாவின்ர பேரை முன்னுக்குப் போட்டிருக்கிறா, நாலில பின்னுக்கு. அந்த நாலும் பெரியப்பாவின்ர பேரில தனி ஆளாப் பதிவாகிக் கிடக்கு! கலியாணம் கட்டின பிறகு மனிசன்ர பேரையும் ஒட்டியிருந்தா மூண்டாவது ஆளும் பிறந்திருக்கும், நல்லகாலம் ஒட்டேல்ல.

இன்னும் பகிடி என்னெண்டா, அந்த நாலில ஆகக் கூடின சைற்றேசன் எடுத்தது கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று பற்றின பேப்பர். தோட்டக்காரர் யூரியாவை அள்ளிக் கொட்டுறதால அது சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால இறங்கி நிலத்தடித் தண்ணியில சேருது எண்டு எழுதினது. அதை எழுதினவர் எண்டு நிக்கிறவர் யூரியா கொட்டின தோட்டக்காரர்.

பெரியப்பாவுக்கு இதைச் சொன்னதும் சாய்மனைக் கதிரையில நிமிந்து இருந்திட்டார். "அப்ப எனக்கு எத்தினை?" எண்டார். ஒவ்வொரு பேப்பருக்கும் எத்தினை சைற்றேசன் எண்டு கொப்பியில எழுதிக் காட்டினன். அவருக்கு 22, 9, 7, 6. மகளுக்கு 41, 15, 8, 6, 4. பெரிசில இருந்து சின்னனுக்கு அடுக்கவேணும், நாலாவது பேப்பருக்குக் குறைஞ்சது நாலு சைற்றேசன் இருந்து, அஞ்சாவதுக்கு அஞ்சு இல்லாட்டி எச் 4. 2005இல ஹேர்ஷ் எண்ட பௌதிகக்காரர் சொன்ன கணக்கு இது. ஆக தகப்பனுக்கும் 4, மகளுக்கும் 4. ரெண்டையும் சேர்த்து அடுக்கினா 41, 22, 15, 9, 8, 7, 6, 6, 4. ஆறாவதுக்கு 7 இருக்கு, ஏழாவதுக்கு 6தான், அதால எச் 6. நாலும் நாலும் எட்டு வராது. அந்த 41 நாளைக்கு 400 ஆனாலும் எச் 6தான், அசையாது.

அதுக்குள்ள அக்கா இம்பக்ட் ஃபக்டரும் எழுதவேணும் எண்டு நிண்டா. அது சஞ்சிகைக்குரிய அளவு அக்கா, உங்களுக்குரியது இல்லை. சஞ்சிகையில முந்தின ரெண்டு வருசம் வந்த கட்டுரையளுக்கு இந்த வருசம் கிடைச்ச சைற்றேசனை அந்தக் கட்டுரையளின்ர எண்ணிக்கையால பிரிக்கிறது, அதில நாலஞ்சு கட்டுரை சுமக்கும், மிச்சம் அதில ஏறிப் போகும். ஆராய்ச்சியை எப்பிடி மதிப்பிடுறது எண்டு 2013இல வந்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனமே ஆளை அளக்க அதைப் பாவிக்காதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுது. எண்டாலும் படிவத்தில கட்டம் இருந்தா நிரப்பத்தானே வேணும்.

சைற்றேசன் எண்டதும் ஒரு மாதிரியான சாமான். உலகத்திலயே ஆகக் கூடின சைற்றேசன் எடுத்த பேப்பருகளில ஒண்டு லௌரி எண்டவரும் கூட்டாளியளும் 1951இல எழுதினது, புரதம் எவ்வளவு இருக்கெண்டு அளக்கிற முறை, 3 லட்சத்துக்கு மேல. ஆய்வுகூடத்தில எல்லாரும் பாவிச்ச முறை, அதால வந்த எண்ணிக்கை. வேக்ஃபீல்ட் 1998இல தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு லான்செட் மருத்துவச் சஞ்சிகையில எழுதின கட்டுரையை 2010இல அந்தச் சஞ்சிகையே பிழையெண்டு திருப்பி எடுத்தாச்சு, அதுக்கும் சைற்றேசன் மலைபோல, திட்டினதும் எண்ணிக்கையில வரும். 19ஆம் நூற்றாண்டில எங்கட மானிப்பாயில இருந்து இரண வைத்தியத்தை, அதாவது சத்திரசிகிச்சைப் புத்தகத்தை, தமிழில தந்த அமெரிக்க மிசன் கிறீன் டொக்டருக்கு ஸ்கோப்பஸில தேடினா என்ன வரும்? அக்கா கிணறு பற்றித் தமிழில எழுதின துண்டுப் பிரசுரத்தை பி.எச்.ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மார்) வீடு வீடாக் குடுத்தவை, அதுக்கும் முட்டைதான். அதை நான் படிவத்தில "ஏனையவை" எண்ட இடத்தில விடாப்பிடியா எழுதிவிட்டன்.

பின்னேரம் ஓர்கிட் ஐடி எடுத்துக் குடுத்தன், ஆராய்ச்சியாளருக்கு அடையாள அட்டை மாதிரி 16 இலக்கம், பேரை எப்பிடித் திருப்பிப் போட்டாலும் ஆள் மாறாது. ரெண்டு ஆளையும் ஒண்டாக்கச் சொல்லி ஸ்கோப்பஸுக்கும் விண்ணப்பம் போட்டன். போன கிழமை சரியாக்கிப்போட்டாங்கள், அக்காவுக்கு இப்ப 6.

பெரியப்பா நேற்று ஃபோன் எடுத்தார். "தம்பி, அப்ப என்ர நாலும் போட்டுதோ?"