ஹார்விக்குப் பிறகு மூன்றாம் மாதம்

ஹார்வி புயல் கொண்டுவந்த வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் ஹூஸ்டனில் உதவிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வந்த ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரும்பாடு. சர்ச் வேன்களில் வந்தார்கள், பள்ளிக்கூடக் கால்பந்து அணிகள் மொத்தமாக வந்தன. லூசியானாவிலிருந்து ‘கேஜன் நேவி’ என்று மீன்பிடிப் படகுகளை டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை. ஆனால் முதல் வாரத்தைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

நான் அப்போது ஹூஸ்டனின் மேற்குப் பக்கம், எனர்ஜி காரிடார் என்ற பகுதியில் எண்ணெய்க் குழாய்களை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். வீடு கேட்டி என்ற புறநகரில். 2017 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை இரவு ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரை கடந்தது. எல்லோரும் காற்றுக்குப் பயந்திருந்தோம். எங்களுக்கு வந்தது மழை. கரை கடந்த புயல் நகராமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. நெடர்லாண்ட் என்ற ஊரில் 60.58 அங்குலம் பதிவானது, 1,500 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

எங்கள் பக்கத்தில் அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் உண்டு. பெயர்தான் நீர்த்தேக்கம், சாதாரண நாளில் உள்ளே தண்ணீர் இருக்காது. புல்வெளி, மரங்கள், சைக்கிள் பாதை, ஞாயிற்றுக்கிழமை பார்பெக்யூ. 1929, 1935 வெள்ளங்களில் ஹூஸ்டன் நகரம் அடிபட்ட பிறகு ராணுவப் பொறியாளர் படை 1940களில் கட்டியவை. நிரம்பினால் தண்ணீர் எதுவரை ஏறுமோ அதுவரைக்கும் அரசு நிலம் வாங்கவில்லை. வாங்காமல் விட்ட இடத்தில் பிற்பாடு மனை போட்டு வீடு கட்டி விற்றார்கள். ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் பதிவான மனை வரைபடங்களில், இந்த இடம் பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, நீண்ட நாள் நீரில் மூழ்கக்கூடும் என்று ஒரு வரி பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. வீடு வாங்கும்போது சமையலறையில் கிரானைட் இருக்கிறதா, பள்ளிக்கு என்ன ரேட்டிங் என்று பார்ப்போமே தவிர, அதையா படிப்போம்!

ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகுகளைத் திறந்தார்கள். கீழே பஃபலோ பேயு என்ற ஆற்றின் கரையோரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மேலே தேங்கிய தண்ணீரும் வீடுகளுக்குள் ஏறியது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்தபோது ஊரில் இருந்தவர்களுக்கு அந்தக் கோபம் புதிதாக இருந்திருக்காது. மழை நின்று வெயில் அடிக்கும்போதும் சிங்கோ ராஞ்ச் பக்கம் தெருக்களில் படகு ஓடிக்கொண்டிருந்தது.

என் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு தெரு தள்ளி அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் இடுப்பளவு. அவர் கரூர்க்காரர், எனக்கு ஜூனியர், என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். மனைவி, இரண்டு வயதுப் பெண் குழந்தை, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. நால்வரையும் படகில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளமும் நீரில் இருந்ததால் வேலை இல்லை. தண்ணீர் வடிந்ததும் எங்கள் குழு தானாகவே வீடு வீடாகப் போக ஆரம்பித்தது. அதற்குத் தலைவர், எங்கள் அலுவலகப் படிநிலையில் கிட்டத்தட்டக் கடைசியில் இருந்த டிராஃப்ட்ஸ்மேன். 2005இல் கத்ரீனாவில் நியூ ஆர்லியன்ஸ் வீட்டை இழந்து ஹூஸ்டனுக்கு வந்தவர். அவர் சொன்ன முதல் விதி: “ஃபிரிட்ஜைத் திறக்காதே.” கரண்ட் போய் ஒரு வாரம் வெயிலில் கிடந்த ஃபிரிட்ஜுக்குள் இறைச்சி இருக்கும். கதவைச் சுற்றி டக்ட் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி அப்படியே தெருவோரம் தள்ளிவிட வேண்டும். எங்கள் இன்னொரு நண்பர் ஆர்வத்தில் ஒரு ஃபிரிட்ஜைத் திறந்தார். அந்த வீட்டு வாசல் பக்கம் அன்று மாலைவரை யாரும் போகவில்லை.

இரண்டாவது விதி, தூக்கிப் போடுவதற்கு முன் போட்டோ. தண்ணீர் நின்ற கோட்டை மார்க்கரால் சுவரில் வரைந்து, பக்கத்தில் அளவு டேப் வைத்துப் போட்டோ. வாஷிங் மெஷின், ஏசி, அடுப்பு எல்லாவற்றின் சீரியல் நம்பரும் போட்டோ. கார்பெட்டில் ஒரு துண்டு, மரத்தரையில் ஒரு துண்டு வெட்டி ஜிப்லாக் பையில் போட்டு வைக்க வேண்டும், காப்பீட்டுக்காரர் வந்து கேட்பார். அப்புறம்தான் சுவர். இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை. மரச் சட்டத்தின்மேல் ஷீட்ராக் என்ற ஜிப்சம் பலகை. ஒரு பலகை நாலடி அகலம். அதனால் தண்ணீர் இரண்டடிக்கு மேல் நின்றிருந்தால் யோசிக்காமல் நாலடி உயரத்தில் நேர்கோடாக வெட்டிவிட்டால், பிறகு முழுப் பலகையாகப் பொருத்த வசதி. உள்ளே இருக்கும் இளஞ்சிவப்புப் பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கும். கையால் பிய்த்தால் பிசுபிசுவென்று வரும். அதையும் எடுத்துச் சட்டத்தைக் காயவிட வேண்டும். வெறும் கையால் தடவி ‘காய்ந்துவிட்டது’ என்று சொல்லக்கூடாது. ஈரமானியைக் குத்திப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டுப் புதுச்சுவர் ஏற்றினால் பூஞ்சை உள்ளேயே வளரும்.

எங்கள் மேனேஜரின் வீடும் மூழ்கியிருந்தது. எண்ணெய் விலை சரிந்த 2016இல் எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு வேலை போனது; அந்தச் செய்தியை ஒவ்வொருவரையும் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னவர் அவர்தான். அப்படி வேலை போன ஒருவர், வெல்டிங் இன்ஸ்பெக்டர், தன் பிக்-அப் வண்டியும் ஜெனரேட்டரும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்கு அந்த வீட்டு வாசலில் நின்றார். யாரும் எதுவும் பேசவில்லை. சோபாவின் ஒரு முனையை அவரும் மறுமுனையை மேனேஜரும் பிடித்துத் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்த பிறகு, “போன வருஷம் என் பெட்டியை நீங்க வாசல்வரைக்கும் கொண்டுவந்து விட்டீங்க, சரியாப் போச்சு” என்றார். மேனேஜர் சிரித்தாரா, அழுதாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை, முகத்தில் மாஸ்க் இருந்தது. மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் இதைப் பெரிதாக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த நாளும் அவர் வந்தார், அவ்வளவுதான்.

கரூர் அம்மா எங்கள் வீட்டில் தினமும் ஒரு அண்டா புளியோதரை கிளறி அனுப்புவார். “தம்பி, அந்த வெள்ளைக்காரத் தம்பிக்குக் கூடக் கொஞ்சம் வை, நேத்து ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டுச்சு” என்பார். அறுபதைத் தொட்ட டிராஃப்ட்ஸ்மேன்தான் அந்தத் தம்பி.

செப்டம்பர் முடிவதற்குள் எல்லா வீடுகளும் எலும்புக்கூடாகி நின்றன. தெருவின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் குப்பை மலை. சர்ச் வேன்கள் போய்விட்டன. அது அவர்கள் தப்பில்லை. புளோரிடாவை இர்மா புயல் தாக்கியிருந்தது, பிறகு போர்ட்டோ ரிக்கோவை மரியா. ஆனால் இன்னொரு காரணமும் உண்டென்று நினைக்கிறேன். சுவர் உடைக்கும் வேலையில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. காலையில் இருந்த சுவர் மாலையில் இருக்காது, கண்ணுக்குத் தெரிகிற உதவி. கட்டும் வேலை அப்படியில்லை. ஊரில் உள்ள ஷீட்ராக் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எல்லோருக்கும் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். பலரிடம் தங்குவதற்கான காகிதம் கிடையாது. நகரத்தைத் திரும்பக் கட்டியவர்கள், போலீஸ் வண்டியைக் கண்டால் ஒதுங்கி நின்றார்கள்.

அதைவிட ஆளைத் தின்றது காகித வேலை. கரூர் நண்பருக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. நூறாண்டு வெள்ளப் பகுதிக்குள், அதாவது எந்த ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள இடத்தில், இருந்தால்தான் வங்கி கட்டாயப்படுத்தும். அவர் வீடு வரைபடத்தில் வெளியே இருந்தது. அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபெமாவின் உதவிக்கு விண்ணப்பிக்கலாமென்றால், எச்1பி விசாவில் இருப்பவருக்கு அந்தப் பணம் கிடையாது. அத்தோடு முடிந்தது என்று அவர் விட்டுவிட்டார். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். அவர் வீட்டிலும் வெள்ளம். கீழ்த்தளம் வெறும் சட்டமாக நிற்க, மாடியில் ஒரு மைக்ரோவேவை வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்தான் கேட்டார்: “குழந்தை எங்கே பிறந்தது?” கேட்டியில். அமெரிக்கக் குடிமகளான குழந்தையின் பேரில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அந்த இரண்டு வயதுக்காரி விண்ணப்பதாரர் ஆனாள்.

முதலில் மறுப்புக் கடிதம்தான் வந்தது. ஆசிரியை அசரவில்லை. முதல் கடிதம் ‘இல்லை’ என்று வந்தால் இன்னொரு காகிதம் கேட்கிறார்கள் என்று பொருள், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றார். வெள்ளத்துக்குக் காப்பீடு தர மாட்டோம் என்று வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அந்த ஒரு பக்கத்தை வாங்க நவம்பர் முழுக்கப் போனது. சுவரில்லாத சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து, காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டே அவர் ஸ்வெட்டர் பின்னுவார். யாராவது எடுத்தால் பாடம் நடத்தும் குரலில், தேதி வாரியாக, முன்பு பேசியவரின் பெயரோடு சொல்வார். முதல் வாரம் எடுத்த போட்டோக்கள் எல்லாம் கலர் கலராகப் பிரிக்கப்பட்டு ஒரு கனத்த பைலில் இருந்தன. அந்த ஆண்டு ஃபெமா ஒரு குடும்பத்துக்குத் தந்த அதிகபட்சம் 33,300 டாலர். நண்பருக்குக் கிடைத்தது அதில் ஒரு பங்குதான், ஆனால் ஷீட்ராக்குக்கும் கதவுகளுக்கும் போதுமாயிற்று. பதிலுக்கு அவர் சனிக்கிழமைகளில் ஆசிரியை வீட்டில் தரை பதித்தார். பிரஷர் வெசலுக்குக் கணக்குப் போடுகிறவருக்கு டைல் நேராக வரவில்லை. ஆசிரியை பார்த்துவிட்டு, சோபா போட்டால் மறைந்துவிடும் என்றார்.

அலுவலகம் முதலில் தாராளமாகத்தான் இருந்தது. அக்டோபரில் புராஜெக்ட் கெடு பழையபடி இறுகியது. கான்ட்ராக்டர் வருவார் என்று பாதி நாள் கிளம்புகிறவர்களுக்கு லீவு தீர்ந்துபோனது. தலைமையகத்திலிருந்து மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வழிகள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. மேனேஜர் தன் விடுப்பிலிருந்து சில நாட்களை மற்றவர் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார், பிறகு ஒவ்வொருவராக எழுதினோம். எனக்குத் தெரிந்து எங்கள் அலுவலகத்தில் நடந்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

நீர்த்தேக்கத்துக்கு மேல்பக்கம் மூழ்கிய வீடுகள் தொடர்ந்த வழக்கில், 2019 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. தெருவில் பலர் பழைய போட்டோவையும் ரசீதையும் தேடி அலைந்தார்கள். நண்பர் அந்தப் பைலை எடுத்து வைத்தார்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது கரண்ட் போய், குழாய்கள் வெடித்து, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி, மறுபடியும் ஷீட்ராக் வெட்டும் வேலை. அதே கும்பல், அதே கருவிகள், அதே டிராஃப்ட்ஸ்மேன். ஆனால் இந்த முறை முதல் நாளே இரண்டு பேரைத் தனியாக உட்கார வைத்தோம். அவர்கள் சுத்தியலைத் தொடவில்லை. ஒருவர் வீடு வீடாகப் போட்டோ எடுத்தார். இன்னொருவர் காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு, பேசியவர் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதினார். அவர் கரூர்க்காரர்.