தம்பியோட அந்த 11 மாசம்

தம்பிக்கு அப்போ 19 வயசு. முதல்ல தூக்கம் போச்சு, அப்புறம் ஃபிரெண்ட்ஸ்கிட்ட பேசறத நிறுத்துனான், கதவ சாத்திக்கிட்டு ரூமுக்குள்ளயே கெடப்பான், போன் கேமரா மேல டேப் ஒட்டி வச்சிருந்தான், நாங்க என்னடான்னா படிப்பு டென்ஷன்னு நெனச்சோம், அப்பா சோம்பேறின்னு திட்டுனார். காதுல குரல் கேக்குதுக்கான்னு அவனே எங்கிட்ட சொல்றதுக்குள்ள 11 மாசம் ஓடிடுச்சு.

டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனா, வெயிட்டிங் ஹால் முழுக்க ரொம்ப வருஷமா வியாதியோட இருக்கறவங்க. "நானும் இப்படித்தான் ஆகப்போறேனா"ன்னு கேட்டான். மாத்திரை போட்டா நாள் முழுக்க தூக்கம், மூணே வாரத்துல நிறுத்திட்டான். அவன குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேக்கறது மாதிரி, நெஜம் எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியாம போற நெலம) முதல் தடவ வர்ற சின்ன வயசுப் பசங்களுக்குன்னே 1992லயே மெல்போர்ன்ல பேட்ரிக் மெக்கோரிங்கற மனநல டாக்டரோட டீம் எப்பிக்னு தனி சர்வீஸ் ஆரம்பிச்சிருக்காங்க. மருந்த கம்மி டோஸ்ல ஆரம்பிக்கறாங்க, ஆரம்பத்துலேந்து கூடவே வர்றதுக்கு ஒரே ஆள் இருக்காங்க, வீட்டு ஆளுங்களயும் உக்கார வச்சு பேசறாங்க, படிப்புக்கோ வேலைக்கோ திரும்பிப் போறதயும் ட்ரீட்மென்ட்டாவே பாக்கறாங்க. முதல் சில வருஷம் விட்டுட்டா அப்புறம் மீட்டு எடுக்கறது கஷ்டம்ங்கறதுதான் இதுக்கெல்லாம் அடிப்படை.

ஆனா என்ன ரொம்ப யோசிக்க வச்சது நார்வேல நடந்தது. அங்க ரோகலான்ட் பகுதியில 1997லேந்து பேப்பர், ரேடியோ, சினிமா தியேட்டர்னு எல்லா எடத்துலயும் அறிகுறி இதுதான்னு விளம்பரம் பண்ணி, ஸ்கூல் வாத்தியாருங்க, டாக்டருங்களுக்கும் சொல்லிக் குடுத்து, யாரு வேணா நேரா கூப்பிடலாம்னு ஒரு டீமும் வச்சிருந்தாங்க. ட்ரீட்மென்ட் இல்லாம போற காலம், மீடியன் கணக்குல (அதாவது பாதிப் பேருக்கு இதுக்குள்ள), கொறஞ்சு 5 வாரத்துக்கு வந்துடுச்சு. அந்த விளம்பரத்த நிறுத்துனதும் திரும்ப ஏறி 15 வாரம் ஆயிடுச்சு, இத்தனைக்கும் அந்த டீம் அப்படியேதான் இருந்தது! அதனாலதான் இந்த மாதிரி சர்வீஸ் நடத்தறவங்களுக்குச் சொல்றேன், கிளினிக் தொறந்தா மட்டும் பத்தாது, அது இருக்குன்னு ஊருக்குச் சொல்லிக்கிட்டே இருக்கணும், அந்தச் செலவ முதல் வேலையா வெட்டிடாதீங்க.

இன்னொன்னு, பேஷன்ட்டே வந்தாத்தான் பாப்போம்னு சொல்லவே கூடாது. தம்பி தானா கெளம்பி வந்திருக்கவே மாட்டான், அவனுக்குத்தான் ரூமுக்கு வெளிய எல்லாரும் எதிரியாச்சே. அக்கா நான் போன் பண்ணி, கேமரால டேப் ஒட்டிருக்கான், ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கான், பயமா இருக்குன்னு சொன்னா, "சரிம்மா, நாளைக்கு வீட்டுக்கே வர்றோம்"னு சொல்ல ஒரு ஆள் அப்போ இருந்திருக்கணும்.