நிற்கிற விமானத்துக்குப் பூட்டு

சிறிய விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு சத்தம் அத்துப்படி. காற்று வீசும் காலையில் ஹேங்கர் கதவைத் தள்ளும்போதே, வெளியே நிற்கும் வரிசையிலிருந்து 'டக்... டக்...' என்று கேட்கும். யாரோ பூட்டுப் போடாமல் போய்விட்டார்கள், வால் பலகைகளான எலிவேட்டரோ ரடரோ அதன் அசைவின் எல்லையில் இருக்கும் தடுப்பில் போய் மோதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு முதலில் அங்கேதான் ஓடுவோம்.

இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் எய்லரான், வாலில் படுக்கையாக இருக்கும் எலிவேட்டர், நிமிர்ந்து நிற்கும் ரடர் ஆகிய மூன்றும் கீலில் தொங்கும் பலகைகள்தான். பறக்கும்போது விமானத்தைச் சாய்ப்பதும் ஏற்றி இறக்குவதும் திருப்புவதும் இவைதான். நிற்கும்போது இவை ஆடாமல் பிடித்துவைப்பதுதான் பூட்டு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "பறக்கும்போது இதைவிட எத்தனையோ மடங்கு வேகக் காற்று இதே பலகைமேல் ஓடுகிறதே, அப்போது ஆகாத கேடு நிற்கும்போது எப்படி ஆகும் சார்?" நியாயமான கேள்விதான். பறக்கும்போது காற்று எப்போதும் முன்னாலிருந்து வருகிறது. பலகை கீலிலிருந்து பின்னோக்கி நீண்டிருப்பதால் அந்தக் காற்றே அதை நேராகப் பிடித்துவைக்கிறது. போதாததற்கு விமானியின் கையும் காலும் இருக்கின்றன. தரையில் நிற்கும்போது காற்று எந்தத் திசையிலிருந்தும் வரலாம். பின்னாலிருந்து வந்தால் எல்லாம் தலைகீழ். பின்விளிம்புக்குக் கீழே கொஞ்சம் புகுந்தால் போதும், பலகையைத் தூக்கி அதன் கடைசி எல்லைவரை அடிக்கும். காற்று விட்டதும் அது தன் எடையில் கீழே விழும். மறுபடி தூக்கும். தாழ்ப்பாள் போடாத கதவு ராத்திரி முழுக்க அடித்துக்கொள்வது மாதிரிதான், ஆனால் இந்தக் கதவு மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்தது.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 20 நாட் (விமானத்துறையில் வேகத்துக்கான அலகு) காற்று 40 நாட் ஆனால் விசை நான்கு மடங்கு. அதனால்தான் சாயங்காலம் லேசாக ஆடிக்கொண்டிருந்த ரடர், நள்ளிரவில் ஒரு மழைமேகம் வந்து போனபிறகு காலையில் கோணலாக நிற்கிறது. அமெரிக்காவின் சிறுவிமான வடிவமைப்பு விதிகளில், கட்டிவைத்த நிலையில் எந்தத் திசையிலிருந்தும் வீசும் 65 நாட் காற்றைத் தாங்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. 65 நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதில் கயிறு கட்டும் புள்ளிகளை மட்டும் சொல்லவில்லை. பலகைகளையும் அவற்றின் பூட்டையும் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். பூட்டாமல் ஆடவிட்ட பலகைக்கு அந்தக் கணக்கு உதவாது. அழுத்தம் வேறு, அடி வேறு.

செஸ்னா 172 என்ற சிறுவிமானத்தில் இதற்கு வரும் சாதனம் பார்க்க அற்பமாக இருக்கும். வளைத்த ஒரு கம்பி, அதோடு சிவப்புத் தகடு. விமானி பிடித்து ஓட்டும் கன்ட்ரோல் வீலின் தண்டில் ஒரு துளை உண்டு. வீலை நேராக வைத்து, துளைகள் ஒன்றுக்கொன்று நேராக வந்ததும் கம்பியைச் செருக வேண்டும். எய்லரான் நடுநிலையில் நிற்கும், எலிவேட்டரின் பின்விளிம்பு கொஞ்சம் கீழிறங்கி நிற்கும். அந்தக் 'கொஞ்சம் கீழே' தற்செயலாக வந்ததல்ல. முன்னாலிருந்து காற்று வீசினால் வாலைத் தூக்கி மூக்கை அமுக்கும். இறக்கை காற்றைப் பிடித்து எழும்பப் பார்ப்பது குறையும். இந்த வகை விமானம் 50 நாட்டை ஒட்டிய வேகத்திலேயே பறக்கத் தெரிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சூறைக்காற்றுக்கு விமானி உள்ளே இருக்கிறாரா என்ற கவலையெல்லாம் கிடையாது.

அந்தச் சிவப்புத் தகட்டுக்குத்தான் என் முதல் மரியாதை. சரியாகப் போட்டால் அது இக்னிஷன் சாவித் துளையை மறைத்து நிற்கும். அதைக் கழற்றாமல் சாவியைப் போட முடியாது. பலகையை ராத்திரியில் பிடித்துவைப்பது பூட்டின் பாதி வேலைதான். காலையில் புறப்பட வருகிறவரின் வழியை மறித்து நிற்பது மீதிப் பாதி. இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்துவிட்டு எது முக்கியம் என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். பூட்டாத பலகையால் பெரும்பாலும் உலோகம்தான் போகும். திறக்காத பூட்டால் உயிரே போகும்.

வரலாற்றில் இதற்குச் சாட்சி நிறைய. 1935 அக்டோபர் 30 அன்று ஓஹியோ மாநிலத்தின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 என்ற புதிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனைக்காகக் கிளம்பியது. பூட்டு எடுக்கப்படவில்லை. மூக்கைத் தூக்கியபடியே ஏறி, தடுமாறி விழுந்து எரிந்தது. ஓட்டிய மேஜர் ப்ளாயர் ஹில்லும் போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் இறந்தார்கள். விமானிகள் கையில் செக்லிஸ்ட் வழக்கமாக ஏறியது இதற்குப் பிறகுதான். பின்னாளில் பி-17 ஆகப் புகழ்பெற்றது இதே விமானம். ஏழு மாதம் கழித்து, 1936 ஜூன் 3 அன்று, ஜெர்மன் விமானப்படைத் தளபதிகளில் ஒருவரான வால்ட்டர் வேவர் டிரெஸ்டனில் ஹைன்கல் 70 ரக விமானம் ஒன்றில் எய்லரான் பூட்டை எடுக்காமலே கிளம்பி இறந்தார். கிளம்பும் அவசரத்துக்குப் பதவி தெரியாது.

இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை என்று சொல்லவும் வழியில்லை. 2014 மே 31 அன்று மாசசூசெட்ஸின் பெட்ஃபர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் 4 ரக ஜெட் ஒன்று பூட்டோடு ஓடுபாதையில் ஓடி, எழும்ப முடியாமல் மறுமுனையைத் தாண்டிப் போய் நொறுங்கியது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். பூட்டு போட்டிருந்தால் எஞ்சினுக்கு முழு விசை கொடுக்க முடியாதபடி த்ராட்டிலைத் தடுக்கும் அமைப்பு அதில் இருந்தது. ஆனால் அது தடுக்க வேண்டிய அளவுக்குத் தடுக்கவில்லை. விசாரணையில் வந்த இன்னொரு தகவல்தான் எனக்குத் தூக்கம் கெடுத்தது. அந்த விமானிகள் அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் கன்ட்ரோல்களை முழுமையாக ஆட்டிப் பார்க்கவே இல்லையாம். அனுபவம் நிறைய உள்ளவர்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் அடுத்த முறையும் பார்க்கவில்லை.

இதனால்தான், கம்பி தொலைந்துவிட்டது என்று யாராவது ஒரு போல்ட்டையோ ஆணியையோ செருகிவைத்திருந்தால் எனக்குக் கோபம் வரும். துளைக்குச் சரியாகப் பொருந்தும், பலகையையும் அசையாமல் வைத்திருக்கும். ஆனால் சாவித் துளையை மறைக்காது, சிவப்பாக இருக்காது, கொடி தொங்காது, மங்கிய வெளிச்சத்தில் கண்ணிலும் படாது. பாதி வேலை மட்டும் செய்யும் பூட்டு அது, அதுவும் முக்கியமில்லாத பாதி. ஒருமுறை எங்கள் மூத்த மெக்கானிக் அண்ணன் அப்படியொரு போல்ட்டை உருவித் தன் டூல்பாக்ஸில் போட்டுக்கொண்டார். சொந்தக்காரர் வந்து, "என் லாக் எங்கே அண்ணே?" என்று கேட்டார். "லாக் எதுவும் பார்க்கலையே தம்பி, ஒரு போல்ட்தான் கிடந்தது" என்றார். அசல் கம்பி வாங்கி வரும்வரை அந்த போல்ட் திரும்பிப் போகவில்லை.

பைப்பர் செரோக்கி என்ற இன்னொரு சிறுவிமானத்தில் கம்பியும் இல்லை, தகடும் இல்லை. சீட் பெல்ட்டைக் கன்ட்ரோல் வீலுக்குள் விட்டு இழுத்து இறுக்கிவிடு, அவ்வளவுதான் என்கிறது அதன் கையேடு. ஆளில்லாத சீட்டில் பெல்ட் மாட்டுவதைப் பார்த்து மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இது பிடித்த வழி. விமானியின் பெல்ட்டையே கட்டினால், அதை அவிழ்க்காமல் அவர் தன்னைக் கட்டிக்கொள்ள முடியாது. ஆனால் சிலர் சௌகரியத்துக்காக வலது சீட் பெல்ட்டைக் கட்டிவிடுவார்கள். தனியாகப் பறக்க வருகிறவர் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இடது பக்கம் கட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

ரடர்தான் தொல்லை பிடித்தது. செரோக்கியில் அது முன்சக்கரத்தோடு இணைந்திருப்பதால் தனிப்பூட்டு வழக்கமாகத் தேவைப்படாது. செஸ்னா 172-இல் முன்சக்கரத்துக்குப் போகும் இணைப்பில் ஸ்பிரிங் இருக்கிறது. பலத்த காற்றில் ரடர் அதை இழுத்துக்கொண்டு ஆடும். காக்பிட் கம்பி ரடரைப் பிடிப்பதே இல்லை. அதனால் காற்று அதிகமுள்ள இடங்களில் செங்குத்து வாலையும் ரடரையும் சேர்த்துப் பிடிக்கும் வெளிப்பூட்டு போடச் சொல்கிறார்கள். மெத்தென்ற நுரை ஒட்டிய இரண்டு பட்டைகள், நடுவில் ஒரு போல்ட், கீழே நீளமாக ஒரு சிவப்பு நாடா. நுரையில் மணல் ஒட்டியிருந்தால் பெயின்ட்டைச் சுரண்டும். மழையில் நனைந்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அவ்வப்போது கழுவிக் காயவைக்க வேண்டும். யாரும் செய்வதில்லை.

உள்பூட்டா, வெளிப்பூட்டா என்று எங்களுக்குள் விவாதம் ஓயாது. உள்ளே வீலைப் பிடித்தால், வீலுக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் கேபிள், கப்பி, இழுப்பின் திசையை மாற்றும் பெல்கிராங்க் எல்லாவற்றின் வழியாகவும்தான் காற்றின் இழுப்பு வந்து சேரும். கேபிளில் கொஞ்சம் தளர்வு இருந்தாலும் அந்த அளவுக்குப் பலகை ஆடும். வெளிப்பூட்டு பலகையையே பிடிக்கிறது, நடுவில் எதுவும் சிரமப்படுவதில்லை. உலோகத்துக்கு நல்லது வெளிப்பூட்டுதான். ஆனால் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டால் வால் கண்ணில் படாது. பின்கண்ணாடி இருக்கும் விமானங்களிலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போதாததற்கு, நிற்கும் விமானத்தில் முன்சக்கரத்தின் இறுக்கத்தால் பெடல் எப்படியும் கனமாகத்தான் இருக்கும். ரடர் பூட்டியிருப்பதைக் காலால் உணர்வது கஷ்டம். ஆகவே வெளிப்பூட்டு போடுங்கள், ஆனால் நடக்கிறவர் முகத்தில் உரசும் அளவுக்கு நாடாவை நீளமாக விடுங்கள். இது என் கட்சி.

புறப்படுமுன் கன்ட்ரோல்களை ஆட்டிப் பார்ப்பதிலும் ஒரு முறை உண்டு. ஆடுகிறதா என்பது மட்டும் போதாது, சரியான பக்கம் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் நிமிர்த்தி வீலைப் பிடித்துத் திருப்பினால், விரல் சாயும் பக்கத்து எய்லரான் மேலே போக வேண்டும். பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே. நாங்கள் கேபிள் மாற்றிய பிறகு இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரையும் அனுப்புவதில்லை, ஏனென்றால் எய்லரான் கேபிளை மாற்றி மாட்டும் பிழையும் உலகில் நடந்திருக்கிறது. நான்கு மூலைக்கும் முழுசாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். நடுவில் இரண்டு விரற்கடை ஆட்டிவிட்டு 'ஃப்ரீ' என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்.

காற்றே இல்லாத நாளில் அரை மணி நேரம் நிறுத்துவதற்கும் பூட்டா என்று கேட்பார்கள். பக்கத்து விமானம் வாலைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை முடுக்கும், ஒரு ஹெலிகாப்டர் தாழ்வாகக் கடந்து போகும். அந்தக் காற்றுக்கு வானிலை அறிக்கை வராது.

விமானத்தைத் தரையோடு கட்டும் கயிறு பற்றிச் சுருக்கமாக: மணிலா என்ற நார்க் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், அதனால் ஓர் அங்குலம் போலத் தளர்வு விட வேண்டும், அதற்குமேல் விட்டால் விமானம் துள்ளித் துள்ளிக் கயிற்றை வெட்டி இழுக்கும். செஸ்னா கையேடு 700 பவுண்டு இழுவிசை தாங்கும் கயிறோ சங்கிலியோ கேட்கிறது. சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்ப முடிந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அப்புறம், ராத்திரி அடித்துக்கொண்ட விமானத்தை என்ன செய்வது? "சும்மா ஆடிக்கிட்டுதானே இருந்துச்சு சார், ஒன்றும் ஆகியிருக்காது" என்று ஒரு செஸ்னா உரிமையாளர் ஒருநாள் காலை என்னிடம் வாதாடினார். வானம் தெளிந்திருந்தது, அவருக்குப் போக வேண்டும். நான் பின்விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் நகர்த்தினேன், கீல்களில் காது வைத்தேன். கீல் துளை நீண்டிருந்தால் 'களக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தளர்ந்த ரிவெட்டைச் சுற்றிக் கரும்பொடி படிந்திருக்கும். எலிவேட்டர் நுனியில் இருக்கும் சமன் எடை ஒவ்வொரு அடிக்கும் தன் பங்குக்குக் குலுங்கும், அது பிடித்திருக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பேனலைத் திறந்து பெல்கிராங்க், கேபிள் இழுவிசை. கடைசியாகத் தடுப்புகள், அடி நேராக விழுவது அவற்றின்மேல்தானே. ரடரின் இடது தடுப்பு வளைந்திருந்தது. கோணமானியை வைத்து அளந்தால் இடப்பக்கம் போக வேண்டியதைவிடக் கூடுதலாகப் போகிறது. அவரையே கூப்பிட்டு அளவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "எத்தனை மணிக்கு முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் முடிந்தது. தடுப்பை மாற்றி, இரண்டு பக்கமும் அளந்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இப்போது அவர் ரடருக்கு வெளிப்பூட்டு வாங்கிவிட்டார். நாடா மட்டும் குட்டை, மாற்றச் சொல்லியிருக்கிறேன்.