ஆஸ்டன் வரை ஒரு டிக்கெட்

பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்குள் ஒரு காளை நிற்கிறது. 10 மீட்டர் உயரம். 2022 காமன்வெல்த் போட்டியின் தொடக்க விழாவுக்காகச் செய்த இயந்திரக் காளை. விழா முடிந்ததும் பிரித்துப் போட இருந்தார்கள், ஊர்க்காரர்கள் விடவில்லை. கடைசியில் நிலையத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தி, பெயர் வைக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த பெயர் ஓஸி.

2025 ஜூலை 5 காலை லண்டனிலிருந்து வந்து இறங்கினேன். காளையைச் சுற்றி நிற்க இடமில்லை. எங்கே திரும்பினாலும் கறுப்பு டி-ஷர்ட். நரைத்த ஜடை, கைத்தடி, தாத்தாவின் தோளில் ஒரு குழந்தை. எல்லோரும் வில்லா பார்க் மைதானத்துக்குப் போகிறவர்கள். பிளாக் சப்பாத் என்ற ராக் குழுவின் நான்கு பேரும், ஓஸி ஆஸ்பர்ன், டோனி அயோமி, கீஸர் பட்லர், பில் வார்டு, 20 வருடம் கழித்து ஒரே மேடையில் ஏறப்போகிறார்கள். அதுவும் அவர்கள் வளர்ந்த, பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில்.

என் பையில் ஒரு டிபன் பாக்ஸ் புளிசாதம், ஒரு ஸ்வெட்டர். போனில் 197 பவுண்டு 50 பென்ஸ் கொடுத்து வாங்கிய டிக்கெட். இருந்ததிலேயே குறைந்த விலை அதுதான். அன்றைய கணக்கில் 21,000 ரூபாய்க்கு மேல். லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டின் ஒரு மாத மளிகைச் செலவு அதற்குள் அடங்கிவிடும்.

இந்த இசை எனக்கு வந்தது என் அண்ணனிடமிருந்து. கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். காந்திபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. காலி கேசட்டும் பாட்டு லிஸ்டும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அவர் லிஸ்ட் எழுதிக் கொடுத்தது பெரும்பாலும் பிளாக் சப்பாத்துக்காக. நான் பத்தாவது படிக்கும்போது பக்கத்து அறையில் அது ஓடிக்கொண்டே இருக்கும். வார்த்தை ஒன்றும் புரியாது. அந்தக் கிட்டாரின் கனம் மட்டும் சுவர் வழியாக வந்துவிடும்.

அப்புறம் ஒருநாள் அண்ணன் டோனி அயோமியின் கதையைச் சொன்னார். 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அன்றுதான் கடைசி நாள், மறுநாளிலிருந்து இசைக்குழுவோடு போக வேண்டியது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருக்க, ஒத்துக்கொண்ட நாளை முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பியிருக்கிறார். வழக்கமாக பிரஸ்ஸில் நிற்கும் ஆள் அன்று வரவில்லை, இவரை அதில் நிறுத்திவிட்டார்கள். வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிய தந்தி போட்டார். பின்னால் தந்தியைத் தளர்த்தி, சுருதியையும் இறக்கினார். உலகம் ஹெவி மெட்டல் என்று கொண்டாடும் அந்த அடர்ந்த ஒலிக்கு இந்தச் சமாளிப்பு ஒரு பெரிய காரணம்.

எங்கள் தெருவில் பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதனால் அண்ணனுக்கு அயோமி தூரத்து நட்சத்திரமாக இருந்ததே இல்லை. பட்டறைக்காரர் ஒருவர் விரல் போன பிறகும் நிற்கவில்லை என்பதுதான் அவருக்கு அந்தக் குழு.

டிக்கெட் வாங்குவதா வேண்டாமா என்று யோசித்த கதையைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய ஆகஸ்ட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2009இல் பாரிஸில் உடைந்துபோன ஓயாசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 15 வருடம் கழித்து மறுபடி சேர்கிறது என்று அறிவித்தார்கள். 2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை. இணைய வரிசையில் நானும் நின்றேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல். காலையில் சுமார் 150 பவுண்டு என்று சொன்ன, நின்று பார்க்கும் டிக்கெட், என் முறை வந்தபோது 355 பவுண்டு என்று காட்டியது. பக்கத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. முடிவெடுக்கச் சில நிமிடம். நான் பக்கத்தை மூடிவிட்டேன். அன்று மாலைவரை வயிற்றில் ஒரு எரிச்சல்.

அதே இடத்தில் நின்று 355ஐக் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். பிரிட்டனின் வணிகப் போட்டி ஆணையம் விசாரித்தது. நிமிடத்துக்கு நிமிடம் கணினி விலையை ஏற்றவில்லை, இரண்டு விலைகள் முன்பே வைக்கப்பட்டிருந்தன, குறைந்தது தீர்ந்ததும் கூடியது வந்தது என்று தெரிந்தது. ஆனால் வரிசையில் நின்ற எங்களுக்கு அது சொல்லப்படவில்லை. விலை அதிகம் என்று முதலிலேயே சொன்னால் நான் வீட்டில் உட்கார்ந்து யோசிப்பேன், கணவரிடம் பேசுவேன், வேண்டாம் என்று விடுவேன், அல்லது துணிந்து வாங்குவேன். அரை நாள் நிற்கவைத்துவிட்டு, களைத்துப்போன நேரத்தில் வேறொரு விலையை நீட்டுவது அந்த யோசனையைப் பறிக்கிற வேலை. என் கோபம் அதில்தான். இன்றும் தணியவில்லை.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் லெட் செப்பெலின் குழு ஒரே ஒரு இரவு மறுபடி சேர்ந்தது. கோடிக்கணக்கில் விண்ணப்பங்கள், சுமார் 18,000 இருக்கைகள். குலுக்கல் போட்டார்கள். விலை 125 பவுண்டு. கிடைத்தவருக்குக் கிடைத்தது, கிடைக்காதவருக்கு விதியைத் தவிர வேறு யார்மேலும் கோபமில்லை.

சரி, பர்மிங்காமுக்கு வருகிறேன். 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. விலை ஆரம்பத்திலேயே வெளியே தெரிந்தது. லாபம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும், பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், ஒரு குழந்தைகள் பராமரிப்பு இல்லத்துக்கும் போகும் என்றும் சொன்னார்கள். அது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஆனாலும் இரண்டு இரவு தூக்கம் வரவில்லை.

“எழுபத்தாறு வயசு. நடக்க முடியலைன்னு அவரே சொல்றார். பாடுவாரா?” என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓஸிக்குப் பார்க்கின்சன் என்று 2020லேயே வெளியே சொன்னார்கள். 2023இல் இனிச் சுற்றுப்பயணம் முடியாது என்று அவரே அறிவித்தார். இன்னொரு சந்தேகமும் உண்டு. 1992இலேயே ‘இனிப் பயணங்கள் இல்லை’ என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு பயணம் போனவர் அவர். சப்பாத்தும் 2017 பிப்ரவரியில் இதே பர்மிங்காமில் விடைபெற்றது, பில் வார்டு இல்லாமல். ராக் உலகில் ‘கடைசி’ என்ற சொல்லுக்கு விலை அதிகம், அதனால் அது அடிக்கடி சொல்லப்படுகிறது. இப்போது இசைத்தட்டு விற்றுச் சம்பாதிக்கிற காலமும் இல்லை, மேடைதான் வருமானம். 15 வயதில் கேசட்டுக்குக் காசு சேர்த்த ரசிகர்கள் இன்று சம்பாதிக்கிறவர்கள் என்பது விற்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணனையும் அழைத்து வரலாமா என்று கணக்குப் போட்டோம். டிக்கெட், விசா, விமானம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அவருக்கு முட்டிவலி வேறு.

“நீ போய்ட்டு வா கண்ணு. நான் இங்க நெட்ல பாத்துக்கறேன்.”

“சரிங்ணா.”

பிப்ரவரி 14 காலை 10 மணிக்கு விற்பனை. சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்தது. ஒரு டிக்கெட் என் கையில் வந்தது. சொன்ன விலைதான் திரையில் இருந்தது. அதை நான் மறக்கமாட்டேன்.

நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து ஆஸ்டனுக்கு ரயிலில் சில நிமிடம்தான். மைதானத்துக்குப் போவதற்கு முன் லாட்ஜ் சாலைக்கு நடந்தேன். ஓஸி வளர்ந்த தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வரிசை வீடுகள். இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க ஒருகாலத்தில் தொழிற்சாலைகள். கார் ஹாரன் செய்யும் தொழிற்சாலையில் ஓஸி ஹாரன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்திருக்கிறார். நாள் முழுக்க அந்தச் சத்தத்துக்கு நடுவில். கணபதியில் வளர்ந்த எனக்கு அந்தத் தெருவில் அந்நியம் தெரியவில்லை. வீட்டுக்கு எதிரே பத்துப் பதினைந்து பேர் பேசாமல் நின்றார்கள். நானும் நின்றேன். யாரும் சத்தம் போடவில்லை.

இப்போது அங்கே நிறைய வங்காளதேச, பாகிஸ்தானியக் குடும்பங்கள். வாசலில் நாற்காலி போட்டு ஒரு பாட்டி எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் தண்ணீர் பாட்டில் விற்றார்கள். ஒன்று வாங்கினேன். இந்தத் தெருக்களிலிருந்து புறப்பட்ட குழு அது, மலிவான டிக்கெட்டே இந்தத் தெருக்காரர்களுக்குக் கட்டாது. லாபம் தருமத்துக்குப் போனாலும் உள்ளூர்க்காரர்களுக்கென்று ஒரு பகுதியைக் குறைந்த விலையில் ஒதுக்கியிருக்கலாம். மதில் தாண்டி வரும் சத்தம் மட்டும்தான் அந்தப் பையன்களுக்கு இலவசம்.

நிகழ்ச்சி மதியம் தொடங்கியது. சுழல் மேடை, ஒரு குழு வாசிக்கும்போதே பின்பக்கம் அடுத்த குழு தயாராகிறது. மாஸ்டடானில் ஆரம்பித்து ஆந்த்ராக்ஸ், கொஜீரா, பாண்டெரா, டூல், ஸ்லேயர், கன்ஸ் என் ரோஸஸ், மெட்டாலிகா. ஒவ்வொருவரும் தங்கள் பாட்டோடு சப்பாத் பாட்டையும் வாசித்தார்கள், வாத்தியாருக்குப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. யங்பிளட் என்ற இளைஞர் ‘சேஞ்சஸ்’ பாடியபோது என் வரிசையில் பாதிப்பேர் அழுதார்கள்.

பக்கத்து இருக்கையில் வால்சாலைச் சேர்ந்த ஒரு பெரியவர். எழுபதுகளின் தொடக்கத்தில் இவர்களை ஒரு பவுண்டுக்கும் குறைவாகக் கொடுத்துப் பார்த்தவர். இந்த டிக்கெட் பேரன் வாங்கிக் கொடுத்ததாம். புளிசாதத்தை அவருக்கும் கொடுத்தேன். காரம் தாங்காமல் கண் கலங்கினார், ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

இருட்டத் தொடங்கியபோது மேடைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் மேலே வந்தது. ஓஸி. நான் இருந்த இடத்திலிருந்து அவர் ஒரு விரல் உயரம்கூட இல்லை, திரையில்தான் முகம் பார்த்தேன். கண்களில் அந்தப் பழைய குறும்பு அப்படியே இருந்தது. உட்கார்ந்தபடியே கை தட்டினார், எங்களைக் கத்தச் சொன்னார். வீடு திரும்புவதைப் பற்றிய ‘மாமா, ஐ’ம் கமிங் ஹோம்’ பாட்டில் அவர் குரல் உடைந்தது. உடைந்த இடத்தை மைதானம் பாடி நிரப்பியது. பாடுவாரா என்று என் கணவர் கேட்ட கேள்விக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சொன்ன பதில் இதுதான்: அவர் பாதி பாடினார், மீதியை நாங்கள் பாடினோம்.

அப்புறம் சைரன். விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சைரன், ‘வார் பிக்ஸ்’ தொடங்குவது அதில்தான். அயோமியின் முதல் ஒலி நெஞ்செலும்பில் இறங்கியது. கணபதி வீட்டுச் சுவர் வழியாக வந்த அதே கனம். 77 வயதில், அதே ஒட்டு விரல்களோடு. பில் வார்டு டிரம்ஸுக்குப் பின்னால், மூச்சு வாங்கியபடி, விடாமல். நான்கே பாட்டு, ‘பேரனாய்ட்’ கடைசி. பெரியவர் கைத்தடியை இருக்கையில் வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார்.

சரியாக 17 நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஓஸி இறந்துவிட்டார். அன்று இரவு பலர் எனக்கு ‘நல்லவேளை நீ போனாய்’ என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணம் இல்லாமல் போக முடியாதவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் யாரும் என்னைவிடக் குறைவாக நேசித்தவர்கள் இல்லை.

நிகழ்ச்சி முடிந்த இரவுக்கு வருகிறேன். ஹோட்டல் அறைகள் கேட்ட விலையில் இன்னொரு டிக்கெட் வாங்கலாம். அதனால் இரவுப் பேருந்துதான். ரயில் நிலையத்தில் கூட்டம் நெரித்ததால், வந்தவர்களோடு சேர்ந்து நகரத்தை நோக்கி நடந்து, டிக்பெத் பேருந்து நிலையத்தை அடைந்தபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது. உள்ளே தரையெல்லாம் கறுப்புச் சட்டைகள், தூங்குகிறவர்கள், இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறவர்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன்.

அண்ணன் கூப்பிட்டார். அங்கே விடியற்காலை நான்கு மணிக்கு மேல். இணைய ஒளிபரப்பு இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் போனது, அவருக்கு இன்னும் ஓஸியே முடியவில்லை.

“ஒண்ணும் சொல்லாத கண்ணு. நாலு பேரும் வந்தாங்களான்னுகூடச் சொல்லாத.”

“சொல்லலீங்ணா.”

போனை வைக்க அவருக்கு மனமில்லை. மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அண்ணி எழுந்து வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்வது கேட்டது, அவர் குறைக்கவில்லை. கொஞ்ச நேரம் கூட்டத்தின் இரைச்சல் மட்டும். அந்த இரைச்சலில் எங்கேயோ என் குரலும் இருந்தது. பிறகு சைரன், அன்றிரவு இரண்டாம் முறையாக. கிட்டார் இறங்கியதும் அண்ணன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

லண்டன் பேருந்துக்கு அழைத்தார்கள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.