வருங்கால ரசிகன் எழுதுவது

2021 மே 2. ஓட்டு எண்ணிக்கை நாள். காலையிலிருந்தே டிவி அப்பாவின் வசம். தி.மு.க. ஆட்சிதான் என்று தெரிந்த பிறகும் தொகுதி தொகுதியாக வித்தியாசம் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் ஃபுட்பால் மேட்ச், இங்கிலாந்தில். யுனைடெட் என் கிளப். கெஞ்சிக் கூத்தாடி ரிமோட்டை வாங்கினேன்.

மேட்ச் இல்லை. கொரோனாவுக்காக ரசிகர்களையே உள்ளே விடாத காலம். ஆனால் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்ட் புல்தரையில் ஒரு கூட்டம் ஓடியதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பச்சையும் மஞ்சளுமாகக் கழுத்துத் துண்டு, புகை, கோல் கம்பத்தில் தொங்கும் ஆள்.

"ஏஞ்சாமி, அங்கேயும் ஓட்டு எண்றாங்களா?"

"இல்லீங்ப்பா, ஓனரைப் போகச் சொல்றாங்க."

"ஓனரைப் போகச் சொன்னா கம்பெனியை யாரு நடத்தறது?"

திருப்பூர்க்காரர் கேள்வி. நான் சின்னதாக ஒரு பவர் டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கிற யூனிட், வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அப்பா நடத்தியது அது. ஆகவே அவருக்குத் தெரிந்த கணக்கிலேயே சொன்னேன்.

"நம்ம யூனிட்டை ஒருத்தர் வாங்க வர்றாருன்னு வைங்க. கைக்காசு கொஞ்சந்தான். மிச்சத்துக்கு நம்ம ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷினையே அடமானம் காட்டிக் கடன் வாங்கறாரு. அந்தப் பணத்தைக் கொடுத்தே யூனிட்டை எழுதி வாங்கிக்கறாரு. வட்டி மட்டும் மாசாமாசம் யூனிட்டு கட்டோணும்."

"அதுக்கு எவன்டா கடன் கொடுப்பான்?"

கொடுத்தார்கள். 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்குக் கிளப்பை வாங்கியபோது பாதிக்கும் மேல் கடன். அதில் ஒரு பெரிய பங்கு கிளப்பின் சொத்து மேலேயே ஏறியது. அதுவரை கடன் இல்லாமல் லாபத்தில் ஓடிய கிளப். இன்னொரு பகுதி, கிளப்பில் குடும்பத்துக்கு இருந்த பங்குகளைக் காட்டி வாங்கியது. அதற்கு வட்டி 14.25 சதவீதம், 2010இல் 16.25. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துகொள்ளும். அதைச் சொன்னதும்தான் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நூல் விலை ஏறிய ஒரு வருஷம் ஃபைனான்ஸ்காரரிடம் மாட்டி, அம்மாவின் வளையலை விற்று மீண்டவர் அவர். "கோட்டு போட்டவனுக்கும் அதே ரேட்டா?" என்றார்.

2012இல் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனார்கள். பங்கு 14 டாலர். வந்த பணத்தில் பாதி கிளப்பின் கடனுக்கு, பாதி குடும்பத்துக்கு. இத்தனை வருஷத்தில் வட்டி, டிவிடெண்ட், கட்டணம் என்று எல்லாம் சேர்த்து கிளப்பிலிருந்து போனது 100 கோடி பவுண்டுக்கு மேல்.

ஆட்டக்காரர்களை வாங்கவே இல்லை என்று சொன்னால் பொய். போக்பா ஒருவருக்கே 8.9 கோடி பவுண்டு போனது. ஆனால் அது கிளப் சம்பாதித்த காசு. கூரைக்கு மட்டும் காசில்லை. 2024 மே மாதம் ஆர்சனலிடம் தோற்ற அன்று மழை பெய்து, ஓல்ட் டிராஃபோர்ட் கூரையிலிருந்து இருக்கைகள் மேல் அருவி மாதிரி கொட்டியது. என் யூனிட்டிலும் சிமெண்ட் ஷீட் ஒழுகும். நான் சந்தையில் பங்கு விற்கவில்லை.

இதையெல்லாம் நான் அப்போதே புரிந்துகொண்டேனா என்றால், இல்லை. 1999 மே மாதம் பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் பயர்ன் மூனிக்கை இஞ்சுரி டைமில் ரெண்டு கோல் போட்டு ஜெயித்தபோது இங்கே ராத்திரி ரெண்டு மணி தாண்டிவிட்டது. நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கிளேசர்கள் வந்த பிறகும் மேனேஜர் ஃபெர்குசன் ஐந்து லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஜெயிக்கிற வீட்டில் கணக்கு யார் கேட்பார்கள்? 2010 மார்ச்சில் ஏசி மிலானுக்காக ஆட வந்த எங்கள் பழைய ஆட்டக்காரர் பெக்காம், மேட்ச் முடிந்து பச்சை மஞ்சள் துண்டைக் கழுத்தில் போட்டபோதுகூட நான் அதை ஸ்டைல் என்றுதான் நினைத்தேன். கிளேசர்களை எதிர்க்கிறவர்கள் போடுகிற துண்டு அது; நியூட்டன் ஹீத்தின் நிறம். 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய கிளப்பின் முதல் பெயர் அது. 1902இல்தான் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது. மான்செஸ்டரில் ஒரு கூட்டம் 2005லேயே வெறுத்துப்போய் தனியாக எஃப்சி யுனைடெட் என்று தொடங்கிவிட்டது. ரசிகர்களே முதலாளிகள், ஆளுக்கு ஒரு ஓட்டு. நானோ அந்த வருஷம் காதர்பேட்டையில் ரூனி பெயர் போட்ட டூப்ளிகேட் பனியன் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்கு உறைத்தது 2021 ஏப்ரலில். யுனைடெட்டையும் சேர்த்து பன்னிரண்டு பெரிய கிளப்புகள் சூப்பர் லீக் அறிவித்தன. தோற்றாலும் கீழே இறங்க வேண்டாம், நிறுவனர்களுக்கு நிரந்தர இடம். அப்போது அந்த வட்டாரத்தில் புழங்கிய ரெண்டு பட்டங்கள் செய்தியில் வந்தன. தலைமுறை தலைமுறையாகப் போய்ப் பார்க்கிற உள்ளூர்க்காரர்கள் 'பழைய சொத்து'. நட்சத்திரங்களைத் தேடி டிவியில் பார்க்கிறவர்கள் 'வருங்கால ரசிகர்கள்'.

அட, அது நான்தான்! திருப்பூரில், ஷிப்ட் முடித்து, லுங்கியோடு, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்கிற நான். எனக்காகத்தான் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் இருக்கிற ஒரு கிழவரின் சனிக்கிழமையைப் பிடுங்குகிறார்களாம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: எனக்குப் பிடித்ததே அந்த டிவிக்குள்ளிருந்து வருகிற கூட்டத்தின் பாட்டுச் சத்தந்தான். காலி மைதானத்தில் கொரோனா வருஷம் முழுக்க மேட்ச் பார்த்தவனுக்குத் தெரியும், அது இல்லாவிட்டால் உப்பில்லாத பருப்பு.

ரெண்டே நாளில் ஆறு இங்கிலீஷ் கிளப்புகளும் பின்வாங்கின. மன்னிப்புக் கடிதமும் வந்தது. அந்தக் கோபம் அடங்காமல்தான் மே 2இல் மைதானத்துக்குள் புகுந்தார்கள். மேட்ச் தள்ளிப்போய் 13ஆம் தேதி நடந்தது. 2-4 என்று தோற்றோம். அது வேறு.

2024இல் ஜிம் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் கோடீஸ்வரர் கிளப்பில் கால் பங்குக்கு மேல் வாங்கினார். மான்செஸ்டர் பக்கம் பிறந்தவர், சின்ன வயதிலிருந்தே ரசிகர். சந்தோஷப்பட்டேன். அந்த வருஷமே ஏறக்குறைய 250 பேருக்கு வேலை போனது. சீசன் பாதியில், மிச்சமிருந்த டிக்கெட்டெல்லாம் 66 பவுண்டு என்றார்கள்; குழந்தைக்கும் அதே, வயசானவருக்கும் அதே. நம்ம காசில் ஏழாயிரம். என் யூனிட்டில் ஒரு பேட்லாக் டெய்லர் சனிக்கிழமை வாங்கிப் போகிற சம்பளத்தைத் தாண்டும். கிளப்பில் பெரும்பான்மை ஓட்டுரிமை இன்னும் கிளேசர்களிடந்தான்.

போன மாதம் பையன் புது ஜெர்சி கேட்டான். பாலியஸ்டர் துணி கிலோ என்ன விலை, ஒரு பீஸுக்குத் தையல் கூலி எவ்வளவு என்று தெரிந்தவனால் கம்பெனி ஜெர்சி விலையைக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் அந்த வட்டிக்குத்தான் போகும். கட்டிங் டேபிளில் பச்சை, மஞ்சள் மிச்சத் துணி கிடந்தது. ஆளில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து, பாதி பச்சை பாதி மஞ்சளாக, நியூட்டன் ஹீத் மாதிரி தைத்தேன். கழுத்துப்பட்டி கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அப்பா கையில் வாங்கிப் புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய விஷயம்.

பையன் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனான். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்தான்.

"அப்பா, எல்லாரும் ஆஸ்திரேலியா கிரிக்கெட் டீமான்னு கேக்கறாங்க."

கழற்றிக் கொடியில் போட்டான். எனக்கு அளவு பத்தாது.